டலண்ட் சேர்ச்: மீத்திறன் தேடல்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பெற்றோருக்குப் பாடசாலை வழியாகவும் டியூஷன் வகுப்பு வழியாகவும் வாட்ஸ்அப்பிலும் 'டலண்ட் சேர்ச்' என்ற பெயரில் அறிவித்தல்கள் வருகின்றன. இந்தப் பெயரில் வருபவை எல்லாம் ஒரே வகைப்பட்டவை அல்ல. சில வெறும் புள்ளிப் போட்டி. சில மாதிரி வினாத்தாள் விற்பனை. உண்மையான தேடல், அதாவது பிள்ளையின் ஆற்றலை அதன் வகுப்பு மட்டத்தைத் தாண்டி அளந்து பார்ப்பது, குறைவு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க, சொல்லின் பிறப்பை அறிவது கை கொடுக்கும்.

'டலண்ட்' என்பதன் மூலம் கிரேக்கத்தின் 'தலன்டொன்'. அது முதலில் தராசையும், பிறகு தராசில் நிறுக்கும் எடையையும், அதன்பின் அந்த எடைக்கு ஈடான பெரும்பணத்தையும் குறித்தது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் எசமான் தன் ஊழியரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று ஒப்படைத்துவிட்டுப் போவது இந்தப் பணத்தைத்தான். தமிழ் வேதாகமம் அதைத் 'தாலந்து' என்று எழுதியது. 'அவனவனுடைய திறமைக்குத் தக்கதாக' அது கொடுக்கப்பட்டது என்றும் சொன்னது. அந்த உவமையை விளக்கி விளக்கியே பிற்காலத்தில் பணத்தின் பெயர் பிறவி ஆற்றலுக்கு ஆகிவந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் 'பிள்ளைக்குத் தாலந்து இருக்கிறது' என்று இன்றும் சொல்வார்கள்.

கல்வித்துறையில் 'டலண்ட் சேர்ச்' இன்றைய பொருளைப் பெற்றது அமெரிக்காவில். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1972இல் முதல் தேடலை நடத்தினார். பல்கலைக்கழகம் புகும் வயதினருக்கென அமைந்த கணிதப் பரீட்சையை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். காரணம் எளிது. வகுப்புப் பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் நூற்றுக்கு நூறு எடுத்தால் இருவரும் சமம் என்றே தெரியும். ஆனால் ஒரு பிள்ளை அடுத்த தரத்துக் கணக்கோடு நின்றுவிடலாம், மற்றப் பிள்ளை மூன்று தரம் தாண்டிப் போகலாம். வினாத்தாளின் உச்சவரம்பு அந்த வேறுபாட்டை மறைத்துவிடும். வயதுக்கு மேற்பட்ட வினாத்தாள் அதை வெளிக்கொண்டுவரும். அளந்து முடிந்ததும் அந்த அளவுக்கு ஏற்ற பாடம் தருவது தேடலின் மறுபாதி. அது இல்லாவிட்டால் தேடியதில் பயனில்லை.

நம் ஊரில் பலர் இதைப் 'புலமைப்பரிசில்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது பொருந்தாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளையின் வகுப்பு மட்டத்திலேயே நடப்பது. மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி வைத்து, உதவிப்பணத்துக்கும் தரம் 6இல் பெரிய பாடசாலை அனுமதிக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்வது அதன் வேலை. தரம் 5உடன் முடிகிற தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அதன் பெறுமதி மிகப் பெரிது. ஆனாலும் அது தெரிவு, தேடல் ஆகாது.

சொல்லளவில் 'பரிசில்' அழகான பழஞ்சொல். புலவருக்கு வள்ளல் கொடுப்பது பரிசில். புறநானூறு 208இல், தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் மறுக்கிறார்: 'யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்.' தினையளவே ஆனாலும் 'துணை அளவு அறிந்து' தந்தால் இனிது என்கிறார். ஆளின் அளவை அறிந்து தருவது என்ற இந்தக் கருத்து நல்லதொரு தேடல் திட்டத்துக்கு அப்படியே பொருந்தும்.

தமிழ்நாட்டில் 'திறனாய்வுத் தேர்வு', 'திறனறித் தேர்வு' என்ற பெயர்கள் வழங்குகின்றன. 'திறனாய்வு' இலக்கிய விமர்சனத்துக்கும் பெயராக இருப்பதால் குழப்பம் வரும். 'திறன்' என்று தனியே சொன்னால் இங்கே தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. வகுப்பு மட்டத்தை மிஞ்சிய ஆற்றலுள்ள பிள்ளைக்கு நம் ஆசிரியர்களிடம் ஏற்கெனவே 'மீத்திறன் மாணவர்' என்ற சொல் புழங்குகிறது. ஆகவே திட்டத்துக்கு 'மீத்திறன் தேடல்', அதன் பரீட்சைக்கு 'மேல்மட்டச் சோதனை' என்பதே எங்கள் தெரிவு.

பிள்ளையைச் சேர்ப்பதா என்று முடிவெடுக்கக் கட்டணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூன்று தவணையாகக் கணிதத்தில் 95க்குக் குறையாமல், பெரிய பிரயாசை இல்லாமல் எடுக்கும் பிள்ளையாக இருக்க வேண்டும். தரம் 6 பிள்ளை என்றால் தரம் 8 தவணைப் பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, ஒரு மணித்தியாலம் கொடுத்து, உதவி செய்யாமல் விடுங்கள். படிக்காத பாடத்தில் பாதி சரி என்றாலே அது வலுவான அறிகுறி. புள்ளியைவிட, தெரியாத கணக்கின் முன் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்: படம் கீறிப் பார்க்கிறதா, சிறிய எண் போட்டுப் பார்க்கிறதா, பேனையை வைத்துவிடுகிறதா?

இதில் வழமையாக மூன்று பிழைகள் நடக்கும். தரம் 8 பாடத்தை டியூஷனில் முன்கூட்டியே படித்த பிள்ளைக்கு அதே தாளைக் கொடுத்தால் டியூஷனைத்தான் அளப்போம். 45 புள்ளி எடுத்த பிள்ளையை ஏசினால், அடுத்த முறை கடினமான எதையும் அது தொடாது. 'தெரியாத கணக்கு நிறைய வரும்' என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். மூன்றாவது, மலையகத்தில் மிகப் பெரிய பிழை, மொழி. தமிழ்மூலத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வசனக் கணக்குத் தந்தால் வரும் புள்ளி ஆங்கிலத்தின் புள்ளி. தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான் என்றால், சொல் குறைந்த எண், உருவ வினாக்கள் எத்தனை என்று கேளுங்கள். பெரும்பாலும் வசனக் கணக்கே என்றால் அந்த ஆண்டு விட்டுவிடலாம்.

நடத்துபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: தாள் எந்தத் தரத்துக்குரியது? பிள்ளையின் சொந்தத் தரம் என்று பதில் வந்தால் அது போட்டி. போட்டியாகவே எண்ணி விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். அடுத்தது: பெறுபேறு வந்தபின் என்ன தருவீர்கள்? சான்றிதழும் பதக்கமும் மட்டும் என்றால் பணத்தை மிச்சப்படுத்துவது நல்லது. பகுதிவாரியான புள்ளி அறிக்கை, தொடர் வகுப்பு, கட்டணச் சலுகை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தோடு கண்டிக்கோ கொழும்புக்கோ இருவருக்கான பஸ் காசையும், கூடப் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ தோட்டத்தில் இல்லாமல் போகும் ஒரு நாள் பேரையும் (நாட்சம்பளத்தையும்) சேர்க்க வேண்டும்.

தரம் 5 ஆண்டில் இதில் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பத்து வயதில் ஒரு பரீட்சைச் சுமை போதும். தரம் 6 முதல் 8 வரை இதற்குத் தோதான காலம்.

சோதனை நல்ல அளவைக் காட்டியும் பொருத்தமான திட்டம் கிடைக்காவிட்டால், கணித ஆசிரியரிடம் அந்த விடைத்தாளைக் காட்டி, வாரத்தில் ஒரு பாடவேளை மேல்வகுப்பில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். மேல்தரப் பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு அத்தியாயத்தை இறக்கி, பயிற்சிக் கணக்குகளைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கடினமானவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.