வாட்ஸ்அப் குரூப்பும் சமூக ஊடகம்தானா? புகார் கொடுக்கும் முன் தெரியவேண்டியது

"வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சோஷியல் மீடியாவில் வராதும்மா" என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஆட்கள் தங்களுக்குள் பேசவும் படம், செய்தி பகிரவும் முதன்மையாக நடத்தப்படுகிற செயலி சமூக ஊடகமே. மன்னார்குடி டிராக்டர் விற்பனை ஃபேஸ்புக் குழுவோ, ஊர்த் திருவிழா வாட்ஸ்அப் குரூப்போ, பொறுப்புச் சொல்ல வேண்டியது அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம். இந்தியாவில் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் இருந்தால் பயனர்களின் புகார்களை வாங்கித் தீர்க்க, இங்கேயே வசிக்கும் குறைதீர் அலுவலர் கட்டாயம். பணம் அனுப்பும் செயலி சமூக ஊடகத்தில் சேராது. ஆனாலும் அதற்கும் குறைதீர் அலுவலர் உண்டு.

பலர் ஏமாறும் இடம் 'ரிப்போர்ட்' பொத்தான். அதை நூறு பேர் அழுத்தினாலும் குறைதீர் அலுவலருக்கு எழுதியதாக ஆகாது. அவருக்குத் தனியாக எழுதிப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் மேல்முறையீட்டில் தடுமாறுவீர்கள். பதில் திருப்தி இல்லையா, கெடு தாண்டியும் பதிலே இல்லையா? மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். பதில் வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். முழுக்க ஆன்லைனிலேயே நடப்பது. சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம்.

பெண்ணின் படத்தை மார்பிங் செய்திருந்தாலோ, அவர் பெயரில் போலிக் கணக்கு இருந்தாலோ அவருக்காக வேறொருவர் நிறுவனத்திடம் புகார் தரலாம். இரண்டு மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். "அந்தப் பொண்ணே வரணும்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

ஸ்க்ரீன்ஷாட்டில் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை, பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள். ஃபேஸ்புக்கில் பதிவின் லிங்க்கை நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவரின் எண்ணைத் தொட்டு, எண் தெரியும்படி படம் எடுங்கள். மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் காத்திருக்காதீர்கள். செய்தி வந்த போனில் எதையும் அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

காவல் நிலையத்தில் "மாவட்ட சைபர் கிரைமுக்குப் போங்க" என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பதால் அப்படிச் சொல்வது உண்டு. ஆனால் புகாரை வாங்க மறுக்க அது காரணமே ஆகாது. குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் வழக்குப் பதியும் ஜீரோ எஃப்ஐஆரை அங்கேயே போடலாம். புகாரை வாங்கியதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். பணம் போயிருந்தால் ரசீதுக்குக்கூட நிற்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

குரூப் அட்மின்களுக்கு ஒன்று: வேறொருவர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் வழக்கில் சேர்க்கக் கூடாது என்று கரூர் வழக்கொன்றில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்களே அதை ஃபார்வர்டு செய்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.