லட்சம் ரூவா வாட்ச் வாங்குறீங்களா, உள்ள என்ன மெஷின்னு கேட்டுட்டு வாங்குங்க

களியக்காவிளை பக்கம் வாட்ச் ரிப்பேர் பாக்குறேன், கல்ஃப்ல இருந்து லீவுக்கு வர்றவங்க வாட்ச்தான் இங்க நெறைய வரும். "அண்ணே, இது ஒரிஜினலா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க, உள்ள என்ன மூவ்மென்ட், அதாவது வாட்ச ஓட்டுற மெஷின் என்னன்னு யாரும் கேக்குறதில்ல, அதான் எனக்கு வருத்தம். அந்த வாட்ச் உங்க பையன் கைக்குப் போகுமா இல்ல பீரோக்குள்ள கெடக்குமான்னு முடிவு பண்றதே அந்த மெஷின்தான்.

கடைல "இன்ஹவுஸ் மூவ்மென்ட்", அதாவது பிராண்டே சொந்தமா செஞ்ச மெஷின்னு சொன்னா உடனே மயங்கிடாதீங்க. நல்லது இருக்கு, இல்லன்னு சொல்லல, ரோலக்ஸோட 3235ங்கிற மெஷின் ஃபுல்லா கீ ஏறினா கிட்டத்தட்ட 70 மணி நேரம் ஓடும், வெள்ளிக்கிழம ராத்திரி கழட்டி வச்சா திங்கக்கிழம காலைலயும் ஓடிட்டு இருக்கும். ஆனா பல பெரிய பிராண்டு சொந்த மெஷினுக்குப் பார்ட்ஸ வெளி மெக்கானிக்குக்குத் தர்றதில்ல, அப்போ ஒரு சின்ன வீல் தேஞ்சாலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்பணும், அவங்க சொல்ற காசுதான். ஈட்டா 2824, செலிட்டா எஸ்டபிள்யூ200 மாதிரி, பல பிராண்டும் வெளில வாங்கிப் போடுற மெஷின் 40 மணி நேரம் பக்கமாத்தான் ஓடும், பெருமையா சொல்லிக்க ஒண்ணும் இல்ல, ஆனா வேல தெரிஞ்ச எவரும் பிரிச்சு மாட்டிருவாரு. என்னக் கேட்டா முதல் லக்ஷுரி வாட்சுக்கு இதுதான் நல்லது.

டைம் கரெக்டா காட்டணும், அது மட்டும் போதும்னா செல் போடுற குவார்ட்ஸே வாங்குங்க. அதுல கிரிஸ்டல் செகண்டுக்கு 32,768 தடவ அதிரும், செல் இல்லாம ஸ்பிரிங்ல ஓடுற மெக்கானிக்கல்ல, காஸ்க்னு சுவிஸ்ல டைம் கரெக்டான்னு டெஸ்ட் பண்ற அமைப்போட சர்டிஃபிகேட் வாங்கினதுக்கே ஒரு நாளைக்கு 4 செகண்ட் ஸ்லோ, 6 செகண்ட் ஃபாஸ்ட் வர சரின்னுதான் கணக்கு.

ஒரு அண்ணாச்சி, கை ஆட்டத்துலயே கீ ஏறுற ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒண்ணு கொண்டு வந்தாரு, தெனமும் பல நிமிஷம் ஃபாஸ்டா ஓடுது, வேற எங்கயோ மெஷினையே மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம். காம்பஸ்ஸ பக்கத்துல வச்சேன், முள்ளு நடுங்குச்சு. தொறந்து லென்ஸ்ல பாத்தா ஹேர்ஸ்பிரிங், அதாவது வேகத்த கட்டுப்படுத்துற முடி மாதிரி ஸ்பிரிங், அதோட சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு, காந்தம் ஏறியிருக்கு, அவ்ளோதான், காந்தத்த எடுக்குற டீமேக்னடைசர்ல வச்சு எடுத்ததும் சரியாப் போச்சு. ராத்திரி ஃபோன் ஸ்பீக்கர் மேலயும் டேப்லெட் கவர் மேலயும் வாட்ச வைக்காதீங்க.

அப்புறம் நம்ம ஊரு எடவப்பாதி மழ. கீ பக்கத்துல இருக்கிற ரப்பர் வாஷர் காஞ்சு போயிருந்தா எவ்ளோ ஒசந்த மெஷினுக்குள்ளயும் தண்ணி எறங்கிரும், முதல்ல துரு புடிக்கிறது கீயோட தண்டுதான். கண்ணாடிக்கு உள்ள ஆவி படிஞ்சிருந்தா அரிசிப் பானைக்குள்ள போட்டு நாலு நாள் பாக்காதீங்க, அன்னைக்கே தொறந்து காய வைக்கக் குடுங்க.