படுகொலையா, குறிவைத்த கொலையா?

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில், செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாள் கழித்து, 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ்த் தடுப்புக் கைதிகளைக் கொன்று தீர்த்தது. முன்னதை நிமலராஜன் படுகொலை என்கிறோம். பின்னதைப் பிந்துனுவெவ படுகொலை என்கிறோம்.

இரண்டும் கொடுமைதான். ஆனால் ஒரே வகைக் கொடுமை அல்ல. நிமலராஜனைக் கொன்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்; அந்தத் தெருவில் வேறு எந்த வீடும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பிந்துனுவெவவில் இறந்தவர்களின் பெயரைக்கூடக் கும்பல் கேட்டிருக்காது. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘அசாசினேஷன்’ என்றும் இரண்டாவதுக்கு ‘மசக்கர்’ என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நாம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மலையகத்தில் செய்தி எழுதும் இளம் பிள்ளைகளோடு உட்காரும்போதெல்லாம் இந்தச் சிக்கல் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் ‘படு’. இது பழைய சொல், கனமான சொல். போரில் விழுந்துபட்டவனைப் பற்றி நடுகல்லில் ‘பட்டான்’ என்று வெட்டினார்கள். படுதல் என்றால் சாதல் என்றும் பொருள். வேறொரு சொல்லுக்கு முன்னால் வந்து நின்றால் அது அளவைக் கூட்டும்: படுபாவி, படுதோல்வி, படுமோசம். படுகொலையும் அப்படித்தான், கொடுங்கொலை என்று பொருள். எவ்வளவு கொடூரம் என்பதை அந்தச் சொல் சொல்லிவிடும். யார் தேர்ந்தெடுத்தார், யாரைத் தேர்ந்தெடுத்தார், எதற்காக என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. பிந்துனுவெவவுக்கு அது பொருந்துகிறது. ஒரு பத்திரிகை ஆசிரியரை நாள்கணக்கில் பின்தொடர்ந்து, வழிமறித்துக் கொல்வதற்கு அது போதாது.

அசாசின் என்ற சொல்லுக்கு நீண்ட பயணம் உண்டு. 1090இல் ஹசன் இ சப்பா என்பவர் பாரசீகத்தில் அலமூத் என்னும் மலைக்கோட்டையைக் கைப்பற்றினார். இஸ்மாயிலி ஷியாக்களில் நிஸாரி என்ற பிரிவின் தலைவர் அவர். பெரும் படை கையில் இல்லாத அவர்கள், எதிரிப் பேரரசின் தலைவர்களைத் தனித்தனியாகத் தேடிச் சென்று கொல்வதை ஒரு போர்முறையாகவே ஆக்கிக்கொண்டார்கள். செல்ஜுக் பேரரசின் பெரிய அமைச்சர் நிஸாமுல் முல்க் 1092இல் அப்படிக் குத்திக் கொல்லப்பட்டதாகச் சொல்வார்கள். எதிரிகள் அவர்களை அரபியில் ‘ஹஷீஷிய்யா’ என்று இழித்துப் பேசினார்கள். ஹஷீஷ் என்றால் கஞ்சா. கஞ்சா குடித்துவிட்டுக் கொலைக்குப் போனார்கள் என்ற கதை ஐரோப்பியப் பயணிகள் மூலம் பரவியது. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே வரலாற்றாளர் பலரின் முடிவு. வசைச்சொல் சிலுவைப் போர்க்காரர் வாயில் ஏறி, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 1256இல் மங்கோலியர் அலமூத்தை இடித்தார்கள். சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

தமிழுக்கு இந்த வகைக் கொலை தெரியாதா? நன்றாகவே தெரியும். மெய்ப்பொருள் நாயனார் கதை நம் தோட்டத்துக் கோயில்களில்கூடச் சொல்லப்படுவதுதான். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான். ஏடு படிக்க வந்தவன் என்று நம்பித் தலை வணங்கிய அரசரைக் குத்துகிறான். ஆளைத் தேர்ந்தது, வேடம் போட்டது, நேரம் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கிறது. நிகழ்வு இருந்தும் அதற்கென்று ஒரு தனிப்பெயரை நாம் வைத்துக்கொள்ளவில்லை. வஞ்சகக் கொலை என்றார்கள். அது கொன்ற விதத்தைச் சொல்கிறதே தவிர அதற்குமேல் போகவில்லை.

இப்போது புழங்கும் மாற்றுச் சொற்களையும் பார்க்கலாம். ‘அரசியல் கொலை’ காரணத்தைச் சொல்கிறது, ஆனால் தேர்தல் அடிதடியில் விழுந்த சாவையும் அது அணைத்துக்கொள்கிறது. ‘கூலிக்கொலை’யில் காசு முன்னே நிற்கிறது, எல்லாக் கொலைஞரும் கூலிக்காரர் அல்லர், சிலருக்கு அது உத்தியோகக் கட்டளை. ‘சதிக்கொலை’ பரவாயில்லை. ‘இலக்குவைத்த கொலை’ என்றும் எழுதுகிறார்கள், அது பிழையில்லை. ஆனாலும் நான் ‘குறிவைத்த கொலை’யையே சொல்வேன். வாய்க்கு வருகிற சொல் அது. கல் எறிகிற பையனுக்கும் குறி தெரியும், துவக்குப் பிடித்தவனுக்கும் குறி தெரியும். குறி என்றால் அதை வைத்த ஒருவர் இருந்தாக வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் கேட்ட கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

ஹட்டனில் ஒரு நாள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சேர், எங்க லயத்துல ‘ஆள் வச்சு அடிச்சிட்டாங்க’ன்னு சொல்லுவாங்களே, அத எழுதக் கூடாதா?”

“எழுதலாம் புள்ள. அதுதான் சரியான தமிழ்” என்றேன்.

ஆள் வைத்து அடித்தல், ஆள் வைத்து வெட்டுதல். அடித்தவன் கை, வைத்தவன் தலை என்று இரண்டு பேரையும் மூன்றே சொல்லில் பிடித்துவிடுகிறது லயத்துப் பேச்சு. பத்திரிகைத் தமிழ்தான் அதை வழித்துத் துடைத்து ‘கொல்லப்பட்டார்’ என்று வைக்கிறது. நம்மோடு வாழும் சிங்கள மக்கள் சாதாரணக் கொலையை ‘மினீமெரும’ என்பார்கள். பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் கொலை போன்றதை ‘காத்தனய’ என்பார்கள். அதன் வடமொழி வேர் நமக்கும் புதிதல்ல. கொலைகாரனைச் சொல்லும் காதகன் அங்கிருந்து வந்தவன்தான். விசுவாசகாதகனில் அவனை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

லசந்த விக்கிரமதுங்கவைப் பற்றிப் பேசாமல் இந்த விளக்கம் நிறைவடையாது. சண்டே லீடர் ஆசிரியர். உக்ரேனிலிருந்து மிக்-27 விமானங்கள் வாங்கிய கொடுக்கல்வாங்கலைத் தோண்டி எழுதியவர். 2009 ஜனவரி 8ஆம் திகதி காலை, காரில் வேலைக்குப் போகும் வழியில், அத்திடியவில் மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் அவரை மறித்துத் தாக்கினார்கள். களுபோவில வைத்தியசாலையில் உயிர் பிரிந்தது. தான் கொல்லப்படுவேன் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட ஆசிரியத் தலையங்கம் மூன்றாம் நாள், 11ஆம் திகதி, அவருடைய பத்திரிகையிலேயே வெளிவந்தது. 2016 செப்டெம்பரில் பொரளை மயானத்தில் உடலைத் தோண்டி எடுத்து மறுபடியும் பிரேத பரிசோதனை செய்தார்கள்.

இது கொழும்புக் கதை என்று மலையகத்தில் பலர் நினைக்கிறார்கள். அல்ல. அந்தக் கொலையோடு தொடர்புபட்ட சிம் அட்டைகள் நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழ் மெக்கானிக்கின் அடையாள அட்டையில் வாங்கப்பட்டிருந்தன. 2010இல் அவர் கைதானார். 2011இல் விளக்கமறியலில் இருக்கும்போதே இறந்துபோனார். வாகனம் திருத்திப் பிழைத்த ஒரு மனிதர், எங்கோ கொழும்பில் யாரோ யாருக்கோ வைத்த குறிக்குள் இழுபட்டு, தீர்ப்பு எதையும் காணாமலே போய்ச் சேர்ந்தார். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் மெழுகுதிரி கொளுத்துவதில்லை. குறிவைத்த கொலைக்கு ஏற்பாடு வேண்டும்: தொலைபேசி, வண்டி, வழி பார்ப்பவர், பழியைச் சுமக்க ஒரு அப்பாவி. கடைசியில் சொன்ன இடத்துக்கு மலையகத்தானின் அடையாள அட்டை வசதியாகப் போய்விட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இந்த வழக்கை எழுதும் எவரும் தடுக்கி விழுகிற இன்னொரு சொல் ‘புலனாய்வு’. புலன், ஆய்வு என்ற இரண்டும் சேர்ந்தது; பொறிகளால் அறிவதும் அறிவும் புலன், நுணுகித் தேடுவது ஆய்வு. அழகான ஆக்கம். ஆனால் இலங்கையில் அதன்மேல் ஏற்றியிருக்கும் சுமையைப் பாருங்கள். லசந்த புலனாய்வு ஊடகவியலாளர். வழக்கை விசாரித்தது குற்றப் புலனாய்வுத் திணைக்களம். லசந்தவின் சாரதியைக் கடத்திய சம்பவத்தில் 2016இல் கைதானவர் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்தவர். தோண்டி எழுதியவர், துப்புத் துலக்கியவர், சந்தேகத்துக்குள்ளானவர் என்று மூவர் நெற்றியிலும் ஒரே பொட்டு! வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? தமிழகத்தில் விசாரிப்பதைப் புலனாய்வு என்றும் மறைந்திருந்து அறிவதை உளவு என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்: இராணுவ உளவுப் பிரிவு, அரச உளவுச் சேவை. திணைக்களங்களின் உத்தியோகப் பெயரை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் செய்தியின் உடலில் ‘உளவு’ என்று எழுத யாரும் தடுக்கவில்லை. புலனாய்வைப் பகிரங்கமாகத் தேடி, பகிரங்கமாக எழுதி, தன் பெயரையும் கீழே போடுகிறவருக்கு விட்டுக்கொடுப்போம்.

அடுத்தது ‘இனந்தெரியாதோர்’. இலங்கைத் தமிழில் இனங்காணுதல் என்றால் அடையாளம் காணுதல்; அந்த வகையில் இலக்கணம் சரி. சம்பவம் நடந்த அன்றைக்கு அப்படி எழுதுவதும் சரி. ஆனால் ஆண்டு பலவான பிறகும் அதே சொல்லை நகர்த்தாமல் வைத்திருப்பது நியாயமில்லை. சந்தேக நபர்கள் கைதாகி, பிணையில் வந்து, நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகும் நினைவுநாள் செய்தியில் ‘இனந்தெரியாதோரால்’ என்றே வருகிறது. அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுதலாம்: இன்னார் கைதானார், பிணையில் விடப்பட்டார், இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஏன் மலையகத்தவர் இதில் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று கேட்கலாம். தோட்டத்தைத் தோண்டி எழுதும் மரபு நமக்குப் புதிதல்ல. தேசபக்தன் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர், வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளர் நிலையைப் பார்த்து எழுதினார். முத்தநாதன் வேடம் போட்டது கொல்ல. நடேசய்யர் வேடம் போட்டது அறிய. இன்றைக்கு நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் பசறையிலும் இருக்கும் நிருபர், தான் யாருடைய கணக்கைக் கேட்டு எழுதுகிறாரோ அவரோடு ஒரே பஸ்ஸில் போகிறவர், ஒரே கோயில் திருவிழாவில் நிற்கிறவர். வீடமைப்புத் திட்டப் பட்டியலில் யார் பெயர் விழுந்தது, ஊழியர் சேமலாப நிதி ஏன் கட்டப்படவில்லை, ஆற்று மணல் எந்த லொறியில் போகிறது என்று கேட்டாலே வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். எழுதுவதற்கோ செய்திக்கு இவ்வளவு என்று சில்லறைக் காசு. அவருக்கு ஏதாவது நடந்தால் அது ‘தனிப்பட்ட தகராறு’ என்று மறுநாளே மாறிவிடும். அப்படி மாறாமலிருக்கச் சரியான சொல் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

திருகோணமலையில் சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் செய்தது என்ன? 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. அவர் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. படங்கள் வெளிவந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படத்துக்கும் சூட்டுக்கும் நடுவே மூன்று கிழமைதான். அதைக் ‘கொலை’ என்று மட்டும் எழுதினால் அந்த மூன்று கிழமை செய்தியிலிருந்தே காணாமற் போய்விடும்.

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். செய்தியாளர் ஒருவர் இறந்தார் என்பதற்காக எடுத்த எடுப்பில் இந்தச் சொல்லைப் போடக் கூடாது. ஷெல் விழுந்து இறந்தவரும் உண்டு, வீதி விபத்தில் இறந்தவரும் உண்டு. முன்னதாக மிரட்டல் வந்ததா, அவர் எதை எழுதிக்கொண்டிருந்தார், வழி பார்த்து நின்றார்களா, பணம் பொருள் எதையும் தொடாமல் போனார்களா என்று கேட்டு, கிடைத்த விடையை வைத்துத்தான் ‘குறிவைத்து’ என்று எழுதலாம். கிடைக்காவிட்டால் கொலை என்று எழுதிவிட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டத்தில் இந்தக் கொலைக்குத் தனிப்பெயர் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் இதுவும் கொலைதான். ஏவியவரைப் பிடிக்கச் சதி, உடந்தை என்ற குற்றச்சாட்டுகளுக்குத்தான் போக வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நொண்டுகின்றன. ஊடகவியலாளர் கொலைகளைப் பற்றித் தி ஹேக் நகரில் கூடிய மக்கள் தீர்ப்பாயம் லசந்த, மெக்சிக்கோவின் மிகேல் ஏஞ்சல் லோபஸ் வெலாஸ்கோ, சிரியாவின் நபீல் அல் ஷர்பஜி ஆகிய மூவரின் வழக்குகளை எடுத்து, 2022 செப்டெம்பர் 19ஆம் திகதி மூன்று அரசுகளும் பொறுப்பு என்று தீர்த்தது. யாரையும் சிறையில் போடும் அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கு இல்லை. 2025 ஜனவரியில் லசந்த விவகாரத்தில் சந்தேக நபர்கள் மூவரை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் எழுதினார். எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த மாதமே அந்த ஆலோசனை திரும்பப் பெறப்பட்டது.