பழைய மஸ்டாங் வாங்கும் முன் பின் சீட்டைக் கழற்றிப் பாருங்கள்

போன நவம்பரில் ஒரு தம்பி சிவப்பு நிற 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மிச்சிகனில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். ஐடியில் வேலை, முப்பது வயதிருக்கும். படத்தைப் பார்த்தே பிடித்துப்போய், நேரில் பார்க்காமல் வேறு மாநிலத்திலிருந்து வாங்கியிருந்தார். பெயின்ட் கண்ணாடி மாதிரி. குரோமில் முகம் பார்க்கலாம்.

"அண்ணே, எஞ்சினை மட்டும் கொஞ்சம் பவர் ஏத்திக் கொடுங்க. மத்தபடி வண்டி தங்கம்."

நான் எஞ்சின் பக்கமே போகவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கிரில்லில் ஊற்றினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்துவிட்டது. தம்பி முகம் வாடியது. எனக்கும் சங்கடம்தான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை அது. ஒரு பக்கெட் தண்ணீர் போதும்.

அந்தக் கிரில்லுக்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய ஒரு பெட்டி இருக்கிறது. அமெரிக்காவில் இதைக் கவுல் என்பார்கள். வெளிக்காற்று உள்ளே வருவதற்கான வழி அது. மழைநீரும் அதற்குள்தான் விழுந்து இரண்டு ஓரங்களிலும் வடிய வேண்டும். இலை, சருகு சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், தகடு உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சரிசெய்ய முன் மட்கார்டுகளைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, மேல் தகட்டையே பிரிக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு இதைச் செய்தால் அந்தப் பெயின்ட் வேலையில் பாதி வீண்.

இது இந்த ஒரு வண்டியின் கதை இல்லை. ஃபோர்டு கம்பெனி 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங்கை அறிமுகம் செய்தபோது ஆரம்ப விலை 2,368 டாலர். சாதாரணக் குடும்ப வண்டியான ஃபால்கனின் அடித்தளத்தை எடுத்து, அதற்கு நீண்ட மூக்கும் குட்டையான பின்பக்கமும் கொடுத்ததால்தான் அந்த விலை சாத்தியமானது. முதல் நாளிலேயே சுமார் 22,000 ஆர்டர். 1966 மார்ச்சில் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. இத்தனை வண்டிகள் இருப்பதால் இன்றும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. பழைய கார் ஆசை வந்தவர் முதலில் மஸ்டாங்கைத் தேடுவதற்கு அதுதான் காரணம். பாகம் எளிதாகக் கிடைப்பதால் வேஷம் போடுவதும் எளிது.

தம்பியின் வண்டியில் ஜிடி பட்டையும் பனி விளக்குகளும் இருந்தன. ஜிடி என்பது மஸ்டாங்கின் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் வகை. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்திருக்கிறார். அந்தக் கால மஸ்டாங்கின் வின் எண்ணில், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்ணில், முதல் இலக்கம் மாடல் ஆண்டு. 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் நியூஜெர்சியின் மெட்டச்சன். பிறகு பாடியைச் சொல்லும் இரண்டு இலக்கங்கள். 07 கூப்பே (சாதாரண மூடிய கூரை), 08 மேற்கூரை திறக்கும் வண்டி, 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்குவது). அதற்கடுத்த எழுத்து எஞ்சின். 1965, 66 ஜிடி வண்டிகள் ஏ அல்லது கே எஞ்சினோடு மட்டும்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. இந்த வண்டியில் இருந்தது சி. அப்புறம் என்ன, பட்டை பின்னால் யாரோ ஒட்டியது.

சி எழுத்து மோசமான எஞ்சின் இல்லை, 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8 தான். ஜிடி விலைக்கு விற்றதுதான் தவறு. ஒன்றைக் கவனியுங்கள்: டிரைவர் கதவில் உள்ள வின் எண் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். கதவைக் கழற்றி இன்னொன்று மாட்ட அரை நாள் போதும். பானட்டைத் திறந்து, டிரைவர் பக்க உள் மட்கார்டில் அச்சடித்த எண்ணையும் உரிமைப் பத்திரத்தையும் ஒப்பிட வேண்டும். 1967 முதலான வண்டிகள் என்றால் ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து அறிக்கை வாங்கிவிடலாம். அதற்கு முந்தியவற்றுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் போலி ஜிடி இந்த இரண்டு ஆண்டுகளில் அதிகம்.

பணம் போவது ஒரு பக்கம். எனக்குப் பயம் தருவது வேறு மூன்று விஷயங்கள்.

முதலாவது பிரேக். 1966 வரையிலான மஸ்டாங்கில், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். நான்கு சக்கரங்களில் எந்தப் பக்கத்து ஹோஸ் வெடித்தாலும் பெடல் தரைக்குப் போகும், பிரேக் மொத்தமாக இல்லை. 1967 மாடலில்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி கொடுத்தார்கள். இரட்டை அறை சிலிண்டர் போடுவது பெரிய வேலையில்லை, செலவும் குரோம் பம்பர் அளவுக்கு வராது. ஆனாலும் எங்களிடம் வருபவர்கள் முதலில் கேட்பது சத்தமான சைலன்சர்தான். ஃபோர்டின் புதிய காலத்து வி8 ஆன கோயோட் எஞ்சினை வைக்கக்கூடக் கேட்கிறார்கள். வைக்கலாம், நானே செய்திருக்கிறேன், முன்பக்க ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் டவரை வெட்ட வேண்டியிருக்கும். பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த வேகத்தை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

இரண்டாவது பெட்ரோல் டேங்க். தலைப்பில் சொன்ன பின் சீட்டு விஷயம் இதுதான். இந்த வண்டியில் டேங்க் டிக்கிக்கு அடியில் தொங்கவில்லை. தரையில் பெரிய ஓட்டை விட்டு, மேலிருந்து இறக்கி, ஓரமாக ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின் சீட்டைக் கழற்றிப் பாருங்கள், டிக்கிக்கும் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கும் நடுவே தடுப்பாக இரும்புத் தகடே இல்லை. பின்னாலிருந்து பலமாக இடித்து டேங்க் கிழிந்தால் பெட்ரோல் நேராக உள்ளே வரும். சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தடுப்புத் தகடு போடாமல் எந்த வண்டியையும் நான் வெளியே அனுப்புவதில்லை. டிக்கிக்குள் இருக்கும் ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுவேன். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் இளகி விரிசல் விடும். டிக்கியைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் வந்தால், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

மூன்றாவது ஸ்டியரிங். அதன் தண்டு மடங்காத ஒற்றைக் கம்பி. எதிரே மோதினால் நெஞ்சை நோக்கி வரும். அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. மடங்கும் ஸ்டியரிங் தண்டு, முன் சீட்டுக்குத் தோள் பெல்ட் எல்லாம் கட்டாயமானது 1968 ஜனவரி 1 முதல். அதற்கு முந்திய வண்டியில் இடுப்பு பெல்ட்டோடு குழந்தையை உட்கார வைத்து ஊர்வலம் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வீட்டு கராஜில் தாங்களே வேலை செய்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம், என் குருவும் அப்படித்தான் செய்தார். செய்யாதீர்கள், ஈரமாக்கித் துடையுங்கள். பாடி இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே ஈயம் பூசி மூடியிருப்பார்கள், அதை கிரைண்டரில் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். பெயின்ட் உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த திரவத்தை மூடிய அறையில் பயன்படுத்திப் பலர் இறந்ததால், 2019இல் வீட்டு உபயோகத்துக்கு விற்பதையே அமெரிக்காவில் தடை செய்தார்கள். தாத்தா காலத்து டின் ஷெல்ஃபில் இருந்தால் அதைத் தொட வேண்டாம். முன் காயில் ஸ்பிரிங்கை, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல் கழற்றவே கூடாது. வாடகைக்குக் கிடைக்கிறது, சோம்பல்படாதீர்கள்.

டயரைப் பற்றி ஒரு வரி. பூ, அதாவது ரோட்டில் படும் வரிப்பள்ளம், தேயவில்லை என்பதால் புதிது என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தயாரான வாரமும் ஆண்டும். தம்பியின் டயரில் 1409 என்றிருந்தது, 2009ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். பூ புத்தம்புதிதாகத்தான் இருந்தது.

அவர் வண்டி ஏழு மாதம் எங்களிடம் இருந்தது. கவுல், தரைத் தகடுகள், இரட்டை அறை சிலிண்டர், முன்பக்க டிஸ்க் பிரேக், டேங்க் தடுப்பு. கையிலிருந்த பணம் அதோடு தீர்ந்ததால் எஞ்சினைத் தொடவில்லை. வண்டியை எடுக்க வந்த அன்று, அந்தப் பட்டைகளை என்ன செய்வது என்று கேட்டேன். "கழட்டிடுங்க அண்ணே, யாராவது விவரம் தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்க" என்றார். இரண்டும் என் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன.