கண்ணுக்கு ஊசியா, லேசரா?

"ஊசியெல்லாம் வேண்டாம் சார், லேசரையே அடிச்சு விடுங்க. ஒரே வேலையா முடிஞ்சுடும்."

பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் சொன்னது. பதினைந்து வருஷச் சர்க்கரை. கண்ணுக்குள் ஊசி என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? வேறு சிலருக்கு, லேசர் கண்ணைக் கருக்கிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைப்பதில்தான் குழப்பமே. சர்க்கரை விழித்திரையை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. எழுத்துப் படிக்க, முகம் பார்க்க உதவும் நடுப்பகுதியில் ரத்தக்குழாய் கசிந்து நீர் கோத்துக்கொள்வது ஒன்று. இதற்கு இன்று ஊசிதான் முதலில். பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப், அஃப்ளிபர்செப்ட் போன்ற மருந்துகள் கசிவைத் தூண்டும் புரதத்தை அடக்குகின்றன. போன பார்வை ஓரளவு திரும்பவும் வாய்ப்புண்டு. பழைய லேசர் மேலும் குறையாமல் பார்த்துக்கொண்டதோடு சரி.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அயோடின் கரைசலால் கழுவி, கருவிழி விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் ஊசியைப் போடுகிறோம். சில நொடி வேலை. "அவ்வளவுதானா சார்?" என்பார்கள். கஷ்டம் வலியில் இல்லை, மாதாமாதம் வருவதில். முதல் வருஷத்தில் எட்டு ஒன்பது ஊசிகூட ஆகலாம்.

இன்னொன்று, ரத்தம் போதாத விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைப்பது. அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கசியும். விழித்திரையின் ஓரங்களில் ஆயிரத்துக்கு மேல் லேசர் புள்ளிகள் வைத்து இதை அடக்கலாம். பக்கப்பார்வையும் இரவுப்பார்வையும் கொஞ்சம் குறையும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுவேன். இதிலும் ஊசி லேசருக்குச் சளைத்ததல்ல என்று 2015-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சரி, ஆனால் தவறாமல் வருகிறவர்களுக்கு. ஊசி மருந்தின் வேகம் சில வாரங்களில் தணிந்துவிடும், லேசரின் பலன் நிலைத்து நிற்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்?

பாலக்கோட்டுக்காரருக்கு இரண்டு கோளாறும் இருந்தன. லேசரை முதலில் அடித்தால் நடுவில் வீக்கம் கூடலாம். நீர் வற்றட்டும், மூன்றாவது ஊசிக்கு வரும்போது லேசரைத் தொடங்கலாம் என்றிருந்தேன். இரண்டு ஊசியிலேயே பஸ் போர்டு படிக்க முடிந்தது, ஆள் வரவில்லை. ஏழு மாதம் கழித்து வந்தார்.

"கண்ணு முன்னாடி சிலந்தி வலை மாதிரி ஆடுது சார்."

உள்ளே ரத்தம். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், லேசரைத் தள்ளிப்போட்டது நான். இப்போதெல்லாம் ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "அடுத்த மாசம் உங்களைக் கூட்டிக்கிட்டு வர யார் இருக்காங்க?"