படகில் ஏறிய விமானம்

சென்ற வாரம் காலைக் காபியோடு ஒரு செய்தி படித்தேன். புதிதாக வாங்கிய விமானம் ஒன்று 'படகு விமானமாக' மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியதாம். தண்ணீரில் இறங்கும் விமானத்துக்கு மீனம்பாக்கத்தில் என்ன வேலை என்று மறுபடியும் படித்தேன். பிறகுதான் விளங்கியது: மூலத்தில் 'ஃபெரி ஃபிளைட்' என்று இருந்திருக்கிறது. பயணிகள் இல்லாமல் ஒரு விமானத்தை வேறோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அப்படிப் பெயர். அகராதியில் 'ஃபெரி' என்றால் படகு. மொழிபெயர்த்தவர் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

'ஃபெரி'யின் வேர் பழைய ஆங்கில வினைச்சொல். சுமந்து செல், கொண்டு சேர் என்பது அதன் பொருள். டிக்கெட்டுக்குக் கொடுக்கிற 'ஃபேர்' கூட அதே குடும்பம்தான். அந்தச் சொல்லில் கலமும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், பிரிட்டன் விமானப்படை 'ஃபெரி கமாண்ட்' என்றே ஒரு பிரிவு வைத்திருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த விமானங்களை அட்லாண்டிக்கைத் தாண்டி ஓட்டிக் கொண்டுவருவது அதன் வேலை. நம்மவர் கையில் அது 'படகுப் படை' ஆகியிருக்கும்.

சரி, கடலிலாவது 'படகு' பொருந்துகிறதா? அங்கேதான் எனக்குக் கோபமே. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' என்ற பயணிகள் கலம் ஓடத் தொடங்கியபோது, தலைப்பில் 'கப்பல்', கீழே 'படகு சேவை' என்று ஒரே செய்தியில் இரண்டையும் பார்த்தேன். சுமார் 110 கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டிய கலம் அது. காசிமேட்டில் போய்ப் 'படகு' என்று சொல்லிப் பாருங்கள். வலையும் ஐஸ் பெட்டியுமாக மீன்பிடிக்கப் போகும் விசைப்படகைத்தான் காட்டுவார்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டவற்றையும் இன்றைய செய்தியாளர் 'ஃபெரி' என்றுதான் எழுதுவார். அந்தக் கணக்கில் வ.உ.சி.யை நாம் 'படகோட்டிய தமிழன்' என்று அழைத்திருக்க வேண்டும். எழும்பூரில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்களும் தலைமன்னாருக்குக் கப்பலில்தான் போனார்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அப்படித்தான். ரயிலின் பெயரிலேயே 'போட்' இருந்தும் யாரும் 'படகு ஏறினேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

படகு என்பது கலத்தின் வகை. ஃபெரி என்பது கலம் செய்யும் வேலை: இக்கரைக்கும் அக்கரைக்கும் திரும்பத் திரும்பப் போய் வருவது. இங்கிருந்து அந்தமான் போகும் கப்பல் மூன்று நாள் எடுக்கும்; அதைக்கூட ஒருவர் 'படகு' என்று எழுதியிருந்தார். அவரை அதில் ஒருமுறை ஏற்றி அனுப்ப வேண்டும்.

தனித்தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் 'கடத்துகலம்' என்கிறார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. கட என்றால் தாண்டு. கடத்து என்றால் தாண்டச் செய். மலையாளத்தில் இன்றும் தோணியில் ஆளை அக்கரை சேர்ப்பது 'கடத்து'தான். நம்மிடமும் மின்கடத்தியில் அந்த நல்ல பொருள் பிழைத்திருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்தி ஓயாத ஊரில், 'பயணிகளைக் கடத்தும் கப்பல் நாளை புறப்படும்' என்று எழுதினால் போலீஸ்தான் முதலில் வரும். தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

பழைய சொல்லுக்கும் பஞ்சமில்லை. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட அம்பிகள் ஓடுகின்றன. அசல் ஃபெரிகள் அவை. ஆனால் மயிலாப்பூரில் 'அம்பி' என்று கூப்பிட்டால் நாலு பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தார் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்றே சொல்வார்கள். சாலை நின்றுபோன இடத்தில் மிச்சச் சாலையே மிதந்து வருகிறது. ஆனால் இங்கே அந்தப் பொருளில் யாருக்கும் பழக்கமில்லை.

என் தேர்வு இது: ஆற்றிலும் காயலிலும் ஓடம், கடலில் கடவைக் கப்பல். சாலையைக் கடக்கும் இடத்துக்கு ஈழத்தில் 'கடவை' என்று பெயர்ப்பலகையே உண்டு, நம்மிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, புரியாமல் போகாது. ஃபெரி ஃபிளைட்டுக்கோ புதுச்சொல்லே வேண்டாம். 'பயணிகள் இல்லாமல் விமானம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது' என்று எழுதினால் போதும். ஒரு வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சொல்லைத் தேடி அகராதிக்கு ஓடுகிறார்கள். அகராதியிலும் முதல் பொருளைத் தாண்டி இரண்டாவதைப் படிப்பதில்லை.