ஆட்டோமேட்டிக் காரிலும் கிளட்ச் தேயும்

“கிளட்ச் பெடலே இல்லை, அப்புறம் கிளட்ச் பிளேட் எப்படி சார் தேயும்?” கிளட்ச் மாற்றிய பில்லைப் பார்த்ததும் பலர் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். கார் விற்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை.

நம்மூரில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வகை கியர்பாக்ஸ் ஓடுகிறது. 2014-இல் மாருதி செலெரியோவில் வந்து பரவலான ஏஎம்டி, உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட்தான். உங்கள் காலும் கையும் செய்த வேலையை ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது, அவ்வளவே. டிசிடி-யில் இரண்டு கிளட்ச். சிவிடி-யில் பல் சக்கரங்களுக்குப் பதில் இரண்டு புல்லிகளும் அவற்றுக்கு இடையே ஓடும் இரும்பு பெல்ட்டும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜின் சக்தி ஆயில் வழியாகக் கடக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு ஃபேன்களில் ஒன்று ஓடினால் மற்றதும் சுற்றுமே, அந்த மாதிரி.

உங்கள் காரில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டும் விதம் அதைப் பொறுத்தது.

ஏஎம்டி, டிசிடி வைத்திருப்பவர்கள் செய்கிற பெரிய தவறு மேம்பாலத்தில் நடக்கிறது. கத்திப்பாரா ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால், பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரம் முழுக்கக் கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிக்கொண்டே இருக்கும். கருகல் வாசனை வந்தால் பிளேட் சூடேறிவிட்டது என்று அர்த்தம். பிரேக்கை நன்றாக அழுத்தி நின்றால் கிளட்ச் விடுபட்டுவிடும். சமதள நெரிசலிலும் அடி அடியாக ஊராதீர்கள். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் பில்லைக் கட்டப்போவதில்லை.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் மிஞ்சாது. கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் சும்மா ஓட (ஐடில்) பெட்ரோல் எரியும். எல் அல்லது மேனுவல் மோடில் போட்டு, இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். வெறும் பிரேக்கை நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

சரி, ஆயில். “லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சென்னை வெயிலும் நெரிசலும் அந்த வகைதான். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி இரண்டுக்கும் 60,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிவிடச் சொல்வேன். பெரும்பாலான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) புதிதில் சிவப்பாக இருக்கும். பழுப்பேறிக் கருகல் வாசம் அடித்தால், கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் தேய்கின்றன. டிரெயின் பிளக்கைக் கழற்றினால் பழைய ஆயில் முழுவதும் வந்துவிடாது, கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். ஆயில் அளவையும் குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். அதனால் அந்தச் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சிவிடி-க்கு சிவிடி ஆயில்தான். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

டி போட்டதும் ஒரு நொடி தாமதித்து ‘டக்’கென்று இடித்துக் கிளம்புவது, இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாதது, இதெல்லாம் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. கியர்பாக்ஸின் மேலே காற்றுப் போக ஒரு பிரீதர் துளை இருக்கிறது. வெள்ளம் அதைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே போய் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுக்கும், கிளட்ச் தகட்டின் லைனிங் பெயரும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்ப்பும் ஓடாது. இழுபடும் சக்கரங்களோடு கியர்கள் வறண்டு சுற்றும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள்.